மண்புழுப் பசளை (மட்டக்களப்பு வாவிப் பகுதி)

சமையற்கழிவு, இலைகுழை, மாட்டெரு ஆகியவற்றை மண்புழுக்களைக் கொண்டு மக்கவைத்துப் பெறும் சேதனப் பசளை. எழுவான்கரை, படுவான்கரை என ஊர்களை இருபுறமும் பிரிக்கும் சுமார் 56 கி.மீ. நீளமான வாவியின் ஓரத்தில் இதன் பயன் இரட்டிப்பானது.

காரணம் மண். கரையோர மணல் நீரையும் நைதரசனையும் தாங்காது. மழைக்குக் கரையும் இரசாயனப் பசளை ஆழங்குறைந்த கிணறுகளுக்கும் வாவிக்கும் கசிந்து, ஆற்றுவாழை, சல்வீனியா போன்ற களைகளை வளர்க்கிறது. மண்புழு எச்சம் மணலில் ஈரத்தைப் பிடித்து, ஊட்டத்தை மெல்ல விடுகிறது. அகற்றிய ஆற்றுவாழையையும் நறுக்கி, உலர்த்தி, எருவுடன் கலந்து புழுக்களுக்கு இடலாம்.

குப்பைமேட்டில் காற்றின்றி அழுகும் கழிவு மெதேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும். புழுக்கள் துளைக்கும் படுக்கையில் காற்றோட்டம் இருப்பதால் மெதேன் வெகுவாகக் குறையும். சிறிதளவு நைதரசு ஒட்சைட்டு வெளிவருவது உண்மைதான்.

தொட்டியின் அடியில் தென்னந்தும்பு, மேலே பாதி மக்கிய எரு, நிழலுக்குக் கிடுகு. ஒரு பிடியை இறுக்கினால் ஓரிரு துளி நீர் கசிவதே சரியான ஈரம். பெரும்பாலும் 45 முதல் 60 நாட்களில் தேயிலைத்தூள் போன்ற பசளை கிடைக்கும். உப்பைப் புழு தாங்காது. கருவாட்டுக் கழிவு கூடாது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்தபோது சேதனப் பசளை தேவைக்குப் போதவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. வீட்டுத்தோட்டத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் உகந்த இம்முறை, பெருவயல்களின் நைதரசன் தேவையைத் தனித்து நிறைவேற்றாது.