நீதிமன்றக் கதவும் வீட்டுக் கதவும்: காலாவதியான சிறுகடன்களின் சட்டநிலை

செஞ்சிக் கோட்டை என்றதும் மக்கள் நினைவுக்கு முதலில் வரும் பெயர் தேசிங்கு ராஜன். 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து அவர் மாண்டதைக் கூத்தும் கதைப்பாடலும் வீரச்செயலாகவே சொல்லிவருகின்றன. அந்தப் போருக்கு அடியில் ஒரு பழைய பாக்கி கிடந்தது. தந்தை சொரூப் சிங் பல ஆண்டுகள் செலுத்தாமல் விட்ட கப்பத்தை நவாப் மகனிடம் கேட்டார்; மகன் இணங்கவில்லை. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்றில் இந்தப் பின்னணியைக் காணலாம். அரசனின் கப்பமும் குடியானவரின் கைமாற்றும் ஒன்றல்லதான். ஆயினும் தகப்பன் பட்ட பாக்கியை மகனிடம் கேட்கலாமா, எத்தனை ஆண்டுகள் கழித்தும் கேட்கலாமா என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொது. முதல் கேள்விக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் விடை சொல்லிவிட்டது: திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடனுக்கு, மகன் என்ற சமயக் கடமையை மட்டும் காட்டி எவர் மீதும் வழக்குத் தொடர முடியாது. இரண்டாவது கேள்விக்கு நம் சட்டம் பாதி விடையோடு நிற்கிறது. நீதிமன்றத்தில் கேட்க முடியாத கடனை வீட்டு வாசலில் கேட்கலாம் என்பதே அந்தப் பாதி விடை. நுகர்வோர் கடன்களைப் பொறுத்தவரை இந்த நிலை மாற வேண்டும், காலவரம்பு முடிந்ததும் கடனே தீர்ந்தது என்று சட்டம் சொல்ல வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இன்று நடப்பில் இருப்பது 1964 ஜனவரி 1 முதல் அமலான 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கும், கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் அது தரும் காலம் 3 ஆண்டு. பிரதிவாதி வாய் திறக்காவிட்டாலும், காலம் கடந்து வந்த வழக்கை நீதிபதியே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது அதன் 3ஆம் பிரிவு. ஆனால் காலம் கடந்தால் உரிமையே அழியும் என்ற 27ஆம் பிரிவு சொத்துக்கு மட்டுமே பொருந்தும், கடனுக்கு இல்லை. பம்பாய் டையிங் வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம் இதே கோட்பாட்டை உறுதிசெய்தது: தடைபடுவது பரிகாரம், கடன் உயிரோடு இருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 1992இல் அது இன்னும் ஓர் அடி சென்றது. ஜாமீன்தாரர் ஈடாக வைத்த வைப்புத்தொகையை, காலம் கடந்த பின்னும் வங்கி தன் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 60ஆம் பிரிவோ, எந்தக் கடனுக்கு என்று சொல்லாமல் கடனாளி பணம் கட்டினால், காலாவதியான கடனிலும் கடன்காரர் அதை வரவு வைக்கலாம் என்கிறது. செஞ்சி முன்சீப் கோர்ட்டு தள்ளுபடி செய்யக்கூடிய அதே கடனுக்குப் பழைய டியூ என்று சொல்லிப் போன் அடிக்கலாம், வாசலில் வந்து நிற்கலாம், எந்த லோனுக்கு என்று சொல்லாமல் கட்டிய பணத்தை அதில் கழிக்கலாம்.

புரோநோட்டில் இந்த 3 ஆண்டுக் காப்புகூட எழுத்தளவில்தான் இருக்கிறது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கி, தேதியையும் தொகையையும் எழுதாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் வட்டிக்கடை உள்ள எல்லா ஊருக்கும் தெரிந்தது. காலவரம்பு நோட்டின் தேதியிலிருந்து ஓடுகிறது. நிறைவுறாத நோட்டை வைத்திருப்பவர் அதை நிரப்பிக்கொள்ள 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. நோட்டில் எந்தத் தேதி இருக்கிறதோ அன்றுதான் அது எழுதப்பட்டது என்று 118ஆம் பிரிவு ஊகிக்கச் சொல்கிறது. அந்த ஊகத்தை உடைக்கும் பாரம் கடனாளியின் தலையில் விழுகிறது. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்பதைக் கடன் கொடுத்தவரே தீர்மானிக்கிறார். நோட்டின் பின்பக்கத்தில் நூறு ரூபாய் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால், காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி இன்னொரு 3 ஆண்டு கிடைக்கிறது. கெடு முடிந்தே போனாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவின்படி கட்டுகிறேன் என்று கடனாளி எழுதிக் கையெழுத்திட்டால் கடன் மீண்டும் முழு வலுப் பெறுகிறது. அது காலாவதியான கடன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவே இல்லை.

காலவரம்பு எதற்கு என்பதற்கு இந்த மண்ணே சான்று. செஞ்சி உள்ளிட்ட கர்நாடகப் பகுதியை ஆண்ட ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, ஆங்கிலேயத் தனியார்களிடம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட கடன்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் ஊழலாயின. ஊர்களின் நிலவரி வருவாயே அந்தக் கடன்காரர்களுக்கு ஈடாகக் கைமாறியது. எட்மண்ட் பர்க் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதை வன்மையாகக் கண்டித்தார். 1805இல் அமைந்த ஆணையர் குழு கால் நூற்றாண்டு விசாரித்த பிறகு, 3 கோடி பவுண்டைத் தாண்டிய கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்கைக்கூட மெய்யென ஏற்கவில்லை. கடன் பழசாகும்போது சாட்சி சாகிறது, ரசீது தொலைகிறது. பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதே கணக்காகிறது. நீதிபதியின் முன் நம்ப முடியாத அளவுக்குச் சிதைந்த அந்தச் சான்று, வசூல் ஏஜெண்டின் வாயில் மட்டும் எப்படி நம்பத்தக்கதாகும்? நீதிமன்றத்திலாவது எதிர்க் கேள்வி கேட்க ஒருவர் இருப்பார். வாசலில் அதுவும் இல்லை. சான்று அழிவதுதான் காலவரம்புக்குக் காரணம் என்றால், வரம்பு முதலில் தேவைப்படுவது நீதிமன்றத்துக்கு வெளியேதான்.

இந்த வாதம் சட்டத்துக்கு அந்நியமானதும் இல்லை. வங்கிகள் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வழிவகுத்த 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம், தன் 36ஆம் பிரிவில், காலவரம்புக்குள் கோரிக்கை எழுப்பாத கடனுக்கு அந்த வழியை மூடிவிட்டது. நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 238ஏ பிரிவு, காலாவதியான கடனைக் காட்டி ஒரு கம்பெனியைத் திவால் நடவடிக்கைக்கு இழுக்க முடியாதபடி செய்தது. அதே ஆண்டு பி.கே. எஜுகேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வருவாய்த் துறை வசூல் வழியாகக் காலாவதிக் கடனைப் பிடிக்க முடியாது என்று கேரளத்தின் கல்யாணிக்குட்டி வழக்கில் 1999இல் தீர்ப்பாயிற்று. நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் வசூலுக்கும் காலவரம்பு பொருந்தும் என்ற கொள்கையைச் சட்டம் தேவைப்பட்ட இடங்களில் ஏற்றிருக்கிறது. பல கோடி கடன் வாங்கிய கம்பெனிக்கும் கட்டடத்தை அடமானம் வைத்தவருக்கும் கிடைக்கும் இந்தக் காப்பு, குழுக்கடனில் நாற்பதாயிரம் வாங்கிய பெண்ணுக்கு இல்லை. இதற்கு நியாயமான காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை. வங்கி, நிதி நிறுவனக் கடன்களை வசூலிப்போருக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த நெறி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்கிறது. நுண்கடனுக்கு அது 9 முதல் 6 வரை. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2025இல் நிறைவேற்றிய சட்டம் வலுக்கட்டாய வசூலைக் குற்றமாக்கியது. இரண்டும் நல்லவை. ஆனால் கேட்கும் நேரத்தையும் கேட்கும் விதத்தையும்தான் அவை பார்க்கின்றன. கேட்கப்படும் கடனின் வயதைப் பார்க்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு வரலாற்றிலிருந்தே வருகிறது. 1859ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பதிவு செய்யாத பத்திரங்களின் ஆயுளை 3 ஆண்டாகக் குறைத்தபோது, பம்பாய் மாகாணத்து லேவாதேவிக்காரர்கள் 3 ஆண்டுக்கு ஒருமுறை குடியானவரை அழைத்து வட்டியை அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். கடன் குட்டி போட்டது. 1875இல் புனே, அகமத்நகர் மாவட்டங்களில் குடியானவர்கள் திரண்டு பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினர். அதை விசாரித்த ஆணையம் குறுகிய காலவரம்பையும் காரணங்களில் ஒன்றாகக் கண்டது. 1879ஆம் ஆண்டுத் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் காலவரம்பை நீட்டவும் செய்தது. ஆகவே வரம்பைக் கடுமையாக்கினால் கடனாளிக்கே கேடு என்று ஒருவர் வாதிடலாம். இந்த மறுப்பை எளிதில் தள்ள முடியாது. எனினும் அந்த வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், கேடு விளைந்தது புதுப்பித்தலால்தான். 3 ஆண்டு என்ற எண் அதற்கு வாய்ப்பளித்தது. பழைய லோனை அடைத்துப் புது லோன் போடும் இன்றைய பழக்கத்திலும் அதே புதுப்பித்தல்தான் நடக்கிறது. எனவே 3 ஆண்டுக் காலத்தைச் சுருக்கச் சொல்லவில்லை நான். அது முடிந்த பின் கடன் உயிர்பெறும் வழிகளை அடைக்கவும், முடியும் முன் வட்டியை அசலாக்கும் புதுப்பித்தலைக் கட்டுப்படுத்தவும் கேட்கிறேன்.

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது அறம் என்ற மறுப்பும் உண்டு. அந்த அறத்தை இந்த வாதம் தொடவில்லை. மனமுவந்து தர விரும்புபவரை எந்தக் காலவரம்பும் தடுப்பதில்லை. அறத்தின் பெயரால் மிரட்டும் உரிமையை இன்னொருவருக்குத் தருவது வேறு செயல். கடன் கிடைப்பது அருகிவிடும் என்போருக்கு இரண்டு சான்றுகள் போதும். ஸ்காட்லாந்தில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணக் கடன் 5 ஆண்டில் அடியோடு அழிகிறது. அங்கே கடன் வணிகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் மாகாணத்திலேயே ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938ஆம் ஆண்டு விவசாயிகள் நிவாரணச் சட்டம், அசலைப் போல இருமடங்கு கட்டிவிட்ட விவசாயியின் பழைய கடன் முழுவதும் தீர்ந்ததாக அறிவித்தது. கடனை முடித்துவைக்கும் சட்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை.

சாதாரணக் கடனாளி தன் கெடுவைத் தானே கணக்கிடுவதும் எளிதன்று. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாள்களைக் காலவரம்பில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்படி, 2019 ஜூன் தொடக்கத்தில் வாங்கிய கைமாற்றின் கெடு 2022 ஜூனில் முடியாமல் 2024 மே நடுப்பகுதி வரை நீள்கிறது. இதைச் சட்டம் படித்தவரே தாளும் பேனாவும் எடுத்துத்தான் சொல்ல முடியும். அதனால் கணக்கிடும் பொறுப்பு கேட்பவருடையதாக இருக்க வேண்டும். காலாவதியான கடனுக்கு வழக்குப் போடுவதையும், போடுவதாக மிரட்டுவதையும் அமெரிக்கா 2021 நவம்பர் முதல் வசூல் நிறுவனங்களுக்குத் தடைசெய்திருக்கிறது. கடன் எந்தத் தேதியோடு காலாவதியாகிறது என்பதை ஒவ்வொரு கேட்பிலும் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி தன் நெறிமுறையில் ஒரு வரி சேர்த்தாலே பாதி வேலை முடியும்.

மீதிப் பாதி சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. ஒப்பந்தமும் காலவரையறையும் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளவை. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தம் செய்யலாம். நுகர்வோர் கடனுக்கும் காலவரையறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவை விரிவாக்குவது, ஒப்பந்தச் சட்டத்தின் 60ஆம் பிரிவிலிருந்து காலாவதிக் கடனை நீக்குவது, காலாவதி ஆனதை எழுத்தில் அறிவிக்காமல் வாங்கிய 25(3) உறுதிமொழியைச் செல்லாததாக்குவது ஆகியவை அத்திருத்தத்தில் இடம்பெற வேண்டும். தேதி எழுதாத நோட்டை நிரப்பியவரே அதன் தேதியை மெய்ப்பிக்க வேண்டும் என்ற திருத்தத்தை, புரோநோட்டு ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், நாடாளுமன்றம் செய்ய வேண்டும். மிரட்டலைக் குற்றமாக்கிய சட்டப்பேரவை, மிரட்டுவதற்குக் காரணமாகக் காட்டப்படும் செத்த கடனையும் தீர்ந்ததாக அறிவிக்க வேண்டும்.