உதரவிதான அசைவை அளத்தல்

உதரவிதானம் நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்தகடு. மூச்சை இழுக்கும்போது சுருங்கிக் கீழிறங்கும். விடும்போது தளர்ந்து மேலேறும். உயிருள்ள உடலில் இதைக் கண்ணால் காணும் வழி, 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பிறகே பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பாஸ்டன் மருத்துவர் பிரான்சிஸ் வில்லியம்ஸ், காசநோய் தாக்கிய பக்கத்தில் உதரவிதானம் குறைவாக இறங்குவதை ஒளிர்திரையில் பார்த்துப் பதிவு செய்தார். நல்ல பக்கமே நோயுற்ற பக்கத்துக்கு அளவுகோல் என்ற இந்த வழக்கம் பின்வந்த ஆய்வுகளிலும் வேரூன்றியது. ஒருபக்க நோய்க்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. காவிரிக் கடைமடையில் உயிர் பறிக்கும், இரு பக்கத் தசையையும் தளர்த்தும் வாதங்களுக்கு அது பொருந்தாது.

காசநோய்க் காலம் அந்த வழக்கத்தை இன்னும் உறுதிப்படுத்தியது. நுரையீரலுக்கு ஓய்வு தரவேண்டும் என்று ஒரு பக்கத்து உதரவிதான நரம்பை வெட்டியோ நசுக்கியோ அந்தப் பக்கத்தைச் செயலிழக்கச் செய்தார்கள். நரம்பு இறந்ததா என்பதை அறியத் திரையில் பார்ப்பதே வழி. வியன்னாவின் ஹிட்சன்பெர்கர் 1927இல் வெளியிட்ட நூலோடு சேர்த்துப் பேசப்படும் மூக்குறிஞ்சல் சோதனையும் இந்த வகைதான்: சட்டென்று மூக்கை உறிஞ்சச் சொன்னால் நல்ல பக்கம் கீழே போகும், வாதமுற்ற பக்கம் மேலே எழும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிடுவதும் சானடோரியத்தில் படுத்திருப்பதும் ஒரே பலனைத் தருவதை 1959இல் காட்டியது. ஓய்வே மருந்து என்ற கொள்கை அதோடு ஆட்டம் கண்டது. ஆனால் வலத்தையும் இடத்தையும் ஒப்பிடும் பார்வை மட்டும் நிலைத்துவிட்டது.

இரு பக்கமும் சேர்ந்து தளர்ந்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. அதைவிட ஆபத்து, திரை பொய்யான ஆறுதல் தரும். இருபக்க வாதமுள்ளவர் மூச்சை விடும்போது வயிற்றுத் தசையை இறுக்கி உதரவிதானத்தை மேலே தள்ளுகிறார். பின் வயிற்றைத் தளர்த்தியதும் அது தானே கீழே விழுகிறது. பார்ப்பவருக்கு அது இயல்பான இறக்கம். இப்படிப்பட்ட வாதத்துக்கு வயல்வெளியில் இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. இலங்கைப் பேராதனையைச் சேர்ந்த சேனாநாயக்க, கரல்லியத்த இருவரும் 1987இல் பத்து நோயாளிகளை விவரித்தார்கள்: ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து நஞ்சின் முதல் கட்டம் தணிந்த பின், நஞ்சேறியதிலிருந்து 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்து, கைகால், மூச்சுத் தசைகள் தளர்ந்தன. மற்றொன்று, தரையில் படுத்துறங்குவோரை இரவில் தீண்டும் கட்டுவிரியன். வலியும் தழும்பும் பெரிதாக இராது, விடியும்போது இமை சரியும், பிறகு மூச்சு தளரும். காரைக்கால் மாவட்டத்து நெடுங்காடு போன்ற நெல் விளையும் கொம்யூனுக்கு உதரவிதான அளவீடு எதற்கு என்று கேட்டால், இந்த இரண்டுமே பதில்.

இங்கே உதவக்கூடியது அல்ட்ராசவுண்ட். உதரவிதானத்தை அதில் பார்க்கும் முயற்சிகள் 1970களிலேயே தொடங்கின. வலது விலா விளிம்புக்குக் கீழே வளைந்த புரோபை வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால், கல்லீரல் வழியாக உதரவிதானம் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். அசைவை நேரத்தோடு வரையும் எம்-மோடில் அந்தக் கோடு அலையாக ஓடும். மூச்சை இழுக்கும்போது புரோபை நெருங்கும், அலையின் உயரமே அசைவின் அளவு. 2009இல் பூசூஜ் குழு நலமான 210 பேரை அளந்தது. அமைதியான மூச்சில் ஆண்களுக்கு வலப்பக்கம் சராசரி 1.8 செ.மீ., பெண்களுக்கு 1.6, ஆழ்ந்த மூச்சில் 7, 5.7. ஜப்பானில் நின்ற நிலையில் எடுத்த அசைவு எக்ஸ்-ரே ஆய்வு (2017) அமைதியான மூச்சுக்கு வலப்பக்கம் சுமார் 1.1 செ.மீ. என்றது. இரண்டும் முரணல்ல: முன்னது உதரவிதானத்தின் பின்பகுதியை அளக்கிறது, பின்னது நிழலில் தெரியும் கவிகையை. பின்பகுதியே அதிகம் அசைவதை எம்.ஆர்.ஐ. முன்பே காட்டியிருந்தது. ஆகவே எந்தக் கருவி, எந்த இடம், எந்த நிலை, எந்த மூச்சு என்று சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை.

ஆளுக்கு ஆள் அளவு மாறுமே, இடப்பக்கம் சரியாகத் தெரியாதே என்பார்கள். உண்மைதான், அதே 2009 ஆய்வில் ஆழ்ந்த மூச்சின்போது இடப்பக்கத்தை 45 பேரில்தான் அளக்க முடிந்தது. ஆனால் வாதம் இரு பக்கமும் பரவும் நோயாளியிடம் தேடவேண்டியது இடத்துக்கும் வலத்துக்குமான வேறுபாடு அல்ல, நேற்றைக்கும் இன்றைக்குமான வேறுபாடு. அதற்கு வலப்பக்கம் போதும், அளப்பவரும் புரோப் வைக்கும் இடமும் மாறாதிருந்தால். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதாதா என்றால், ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அதன் எண் தசை ஓய்ந்து வெகுநேரம் கழித்தே இறங்கும். ஒரே மூச்சில் எண்ணச் சொல்வதும், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வதும் நல்ல சோதனைகள். நினைவுள்ளவரை அவற்றைக் கைவிடக் கூடாது. வலுவான மறுப்பு வேறொன்று: வென்டிலேட்டரில் இருப்பவரின் உதரவிதானத்தை இயந்திரமே தள்ளுகிறது, அங்கே அசைவு தசையின் உழைப்பைக் காட்டாது. மறுக்க முடியாத உண்மை இது. அந்த நிலையில் அளக்கவேண்டியது தடிமன். விலாக்களுக்கிடையே புரோபை வைத்து, மூச்சிழுக்கும்போது தசை எவ்வளவு தடிக்கிறது என்று பார்க்கும் இந்த முறையை 1989இல் வெயிட் குழு விவரித்தது. சுருங்கும் தசைதான் தடிக்கும். வெறுமனே தள்ளப்படும் தசை தடிக்காது.