சார்ங்கமும் சிலையும்

குடந்தையிற் கோயில் கொண்ட திருமாலுக்குச் சார்ங்கபாணி என்பது திருநாமம். சார்ங்கம் என்னும் வில்லைக் கையில் ஏந்தியவன் என்பது அதன் பொருள். சார்ங்கம் என்ற சொல் சிருங்கம் என்பதினின்று பிறந்தது. சிருங்கமாவது விலங்கின் கொம்பு. எனவே சார்ங்கம் எனில் கொம்பினாலாகிய வில். கொம்பினால் வில் செய்தல் எங்ஙனம்? அத்தகைய வில் தமிழர் கையில் வழங்கியதா? இவ்விரு வினாக்களே ஈண்டு ஆராயப்படுகின்றன.

வில் வளையுங்கால் எய்வோனுக்கு அப்புறமாகிய முதுகு இழுபடும். எய்வோனை நோக்கிய வயிறு நெருக்குண்ணும். மரம் இவ்விரண்டையும் ஓரளவே தாங்கும். ஆகலின் மரவில் நீண்டிருத்தல் வேண்டும். குறுகிய மரவில்லை மிக இழுப்பின் முறிந்துபோம். மத்திய ஆசியக் குதிரைவீரருக்கோ சேணத்திலிருந்தபடியே இருபுறமும் திருப்பத்தக்க குறுவில் வேண்டியிருந்தது. எனவே மெல்லிய மரச்சட்டத்தை நடுவே வைத்து, நெருக்கத்தைத் தாங்கும் கொம்புத் தகட்டை வயிற்றிலும், இழுப்பைத் தாங்கும் தசைநாரை முதுகிலும் ஒட்டினர். எருமைக் கொம்பு இதற்குச் சிறந்தது. மாடு, மான் ஆகியவற்றின் காற்றசைநாரை உலர்த்தித் தட்டி, இழையிழையாகச் சீவி, தோலிலிருந்தோ மீனின் காற்றுப்பையிலிருந்தோ காய்ச்சிய பசையில் தோய்த்துப் படைபடையாகப் பதிப்பர். உலர்வதற்குப் பல மாதங்கள் செல்லும். உலரும் நார் சுருங்கி வில்லை மறுபுறமாக வளைத்துவிடும். நாணேற்றாத கொம்புவில் பிறைபோற் பின்மடிந்து கிடப்பது இதனாலேதான்.

இதன்பின் நிகழ்வதே இத்தொழிலின் உயிர். வில்லை அனல் காட்டி இளக்கி, மெல்ல மெல்ல எதிர்த்திசையில் வளைத்து நாண் பூட்டுவர். இரு புயங்களும் ஒருபடித்தாக வளைகின்றனவா என நோக்குவர். விறைத்து நிற்கும் புயத்தின் கொம்பை அரத்தினாற் சிறிதே சுரண்டி மீண்டும் நோக்குவர். முதுகின் நாரில் அரம் படலாகாது. மிகையாகச் சுரண்டியதைத் திரும்பச் சேர்த்தலும் இயலாது. ஆதலின் சுரண்டும் நேரத்தினும் பார்க்கும் நேரமே பெரிது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனிலிருந்த துருக்கியத் தூதரகச் செயலாளர் மகமூது எபெந்தி இத்தகைய வில்லினால் 482 கெஜத் தொலைவுக்கு அம்பெய்தார். நெடுவில்லாற் புகழ்பெற்ற ஆங்கிலேயர் வியந்து நின்றனர்.

இத்துணை ஆற்றல் வாய்ந்த வில்லுக்கும் ஒரு பகை உண்டு, அது நீர். ஈரம் ஏறினாற் பசை இளகும், நார் தளரும். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு என நால்வகை வில்லைக் கூறுதலின், வடபுலத்தார் கொம்புவில்லை நன்கறிவர். முகலாயரின் கமானும் இவ்வினத்ததே. (வில்லைக் குறித்த அப்பாரசீகச் சொல் தமிழில் வளைந்த வாயிலுக்கும் பெயராயிற்று.) ஆயினும் அம்முகலாயர் காலத்திலேயே உருக்கினாலும் வில் செய்தனர். அது கொம்புவில்லைப் போல விசையுடையதன்று. படைக்கொட்டிலில் ஈரத்துக்கு அஞ்சாமல் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் என்பதே அதன் சிறப்பு. நம் வட்டகொடையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தேயிலைக் கொழுந்தை வாட்டுதற்கே சூடேற்றிய காற்றைச் செலுத்த வேண்டியுள்ளது. பசையால் ஒட்டிய வில் இங்கு எத்தனை நாள் நிற்கும்?

தமிழர் வில்லின் பெயர்களை நோக்குவார்க்கு விடை ஓரளவு புலனாகும். சிலை என்பது ஒருவகை மரம். அம்மரத்தாலாகிய வில்லும் சிலை எனப்பட்டது. காசிலும் வில்லைப் பொறித்த சேரரது நாடோ மழைக்குப் பெயர் பெற்றது. ஆண்டு வழங்கியது மரவில்லும் மூங்கில் வில்லுமே எனக் கொள்வது பொருந்தும் என்பது எம் துணிபு. சார்ங்கம் நம்மிடம் படைக்கலமாக வரவில்லை. இறைவன் திருப்பெயராகவே வந்தது. வடக்கிலும் காலாட்படையின் வில் வேறாயிருந்தது. அலெக்சாந்தருடன் வந்த நியார்க்கசைத் தழுவி எழுதிய அர்ரியன், இந்தியக் காலாளின் வில் ஆளுயரமுடையது என்றும், அதனை நிலத்தில் ஊன்றி இடக்காலால் உதைத்தே நாணை இழுப்பர் என்றும் கூறுவர்.

இலங்கை வேடரின் வில்லும் தனிமரத்தாலாயதே. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் அவரைப்பற்றி ஒரு செய்தி தருகின்றார். வேடர் இரவில் வந்து, அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையையும் இறைச்சியையும் கொல்லனின் பட்டறையிற் கட்டித் தொங்கவிட்டுச் செல்வராம். அவ்வடிவிலே முனை செய்து வைத்த கொல்லனுக்கு மேலும் இறைச்சி கிட்டும். செய்யாதவனுக்கு இருளில் அம்பு கிட்டும். இரும்பு ஒன்றற்கே அவர்க்குப் பிறர் கை வேண்டியிருந்தது. வில்லைக் காட்டுமரத்திலிருந்து தாமே செதுக்கிக்கொண்டனர்.