நாவலர் இட்ட தலைப்புகள்

ஆறுமுக நாவலரின் (1822-1879) வசனநடையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நிறுத்தக் குறிகளை அவர் கையாண்ட விதமும் அவ்வப்போது பேசப்படுவதுண்டு. பிள்ளைகளுக்கென்று எழுதிய நூல்களில் அவர் எப்படித் தலைப்பிட்டார் என்பதை மட்டும் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம்.

ஏட்டுச் சுவடியில் தலைப்பு தனி வரியில் நிற்பது அரிது. சொல்லும் சொல்லும் ஒட்டியபடி வரி ஓடிக்கொண்டே இருக்கும். திண்ணைப் பள்ளி மாணவனுக்கு அது ஒரு குறையாகத் தோன்றியிராது. பாடம் அவன் நாவில் இருந்தது. பகுத்து வைக்கும் எண்ணமே நம்மிடம் இருக்கவில்லை என்று இதற்குப் பொருளன்று. ஓரினத்து மணிகளை வரிசையாக வைப்பதுபோல ஓரினப் பொருளை ஓரிடத்தில் வைப்பதே ஓத்து என்று நன்னூற் பாயிரம் இலக்கணமே வகுத்திருக்கிறது.

நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே அச்சுக்கூடமும் வந்தது. பீற்றர் பேர்சிவலின் மிஷன் பள்ளியில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் அவர். அச்சுப் புத்தகம் வகுப்பில் என்ன செய்யும் என்பதை அருகிலிருந்து கண்டவர். 'இலக்கணச் சுருக்க'த்தில் நன்னூலின் இயற்பெயர்களை ஏற்றுக்கொண்டு, சூத்திரத்தின் இடத்தில் வசனத்தை வைத்தார். சிறு தலைப்புகளும், பகுதிகளின் முடிவில் தேர்வு வினாக்களும் இட்டார். வினாவுக்கு விடை தெரியாத பிள்ளை எந்த இடத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பதைத் தலைப்பே காட்டிவிடும்.

நமக்கு இதைவிடச் சுவையாகப் படுவது நான்காம் பாலபாடம். அதன் பாடத் தலைப்புகள் சிலவற்றைக் குறளின் அதிகாரப் பெயர்களோடு வைத்துப் பார்க்கலாம். வள்ளுவத்தில் கொல்லாமை, நாவலரிடம் கொலை. அங்கே புலால் மறுத்தல், இங்கே புலாலுண்ணல். கள்ளாமை களவாகிறது, வெகுளாமை கோபமாகிறது, கள்ளுண்ணாமை கள்ளுண்ணலாகிறது, அழுக்காறாமை வெறும் அழுக்காறாகிறது. குற்றத்தின் பெயரையே தலைப்பாக்குவது வள்ளுவத்துக்கும் புதிதல்ல. கள்ளுண்ணாமையை அடுத்த அதிகாரமே சூதுதான். ஆயினும் அறத்துப்பாலில் விலக்கப்படும் தீமைகள் பெரும்பாலும் 'ஆமை' ஏற்றே தலைப்பாகின்றன.

நாவலர் ஏன் அந்த 'ஆமை'யைக் கழற்றினார்? குறளின் அதிகாரத்தில் பத்துப் பாக்களில் எதிலிருந்தும் நுழையலாம்; எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைப் பெயர் சொன்னால் போதும். பாலபாடத்து வசனமோ, களவு என்பது இன்னது என்று வரையறுத்து, அதன் வகைகளைக் கூறி, பின்னர் அதனால் வரும் கேட்டுக்குச் செல்கிறது. பிள்ளை முதலில் அறியவேண்டியது பொருள், விலக்கு பிறகு. அதனால்தான் தலைப்பும் பொருளின் பெயரோடு நின்றுவிட்டது என்பது நம் ஊகம். கடைப்பிடிக்க வேண்டிய செய்ந்நன்றியறிதலில் அவர் கைவைக்கவில்லை என்பதும் இதற்குப் பொருந்தி வருகிறது.

தலைப்பு இப்படி நடுநிலையில் நின்றாலும் பாடம் நிற்பதில்லை. புலாலுண்ணல் என்ற சொல்லில் கண்டனம் ஏதும் கிடையாது. ஆனால் அதன்கீழ் வருவது ஒரு சைவரின் கடுமையான தீர்ப்பு. யாழ்ப்பாணக் கரையில் மீன்பிடித்துப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று அப்பாடத்தைத் திறந்திருந்தால், தன் வீட்டுச் சோற்றின் பெயரைத்தான் முதல் வரியில் கண்டிருக்கும்.