துடுப்பில் காது வைத்தவர்கள்

கல்லடிப் பாலத்தடியில, நிலாக் காலத்தில, தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மறுமுனையில காது வைச்சால் மீன் பாடுறது கேட்கும் என்பாங்க. எனக்கு ஒருநாளும் கேட்கல்ல. ஆனா புவியதிர்வு அலைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினப்போ முதல்ல ஞாபகம் வந்தது அந்தத் துடுப்புத்தான். அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தைக் கேட்டுத்தான் அறியிறாங்க.

கடலில் இந்த வேலையைக் கப்பல் செய்யுது. அழுத்திய காற்றை நீருக்குள் வெடிக்க விடும். அடியிலுள்ள ஒவ்வொரு மண்படையும் ஒவ்வொரு நேரத்தில் எதிரொலி அனுப்பும். 1970களின் தொடக்கத்தில் கரே, மூர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படித்தான் வங்காள விரிகுடாவின் அடியை வாசிச்சாங்க. கங்கையும் பிரம்மபுத்திராவும் கரைத்துக் கொண்டுவந்த வண்டல், இலங்கையையும் தாண்டி ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் தூரம் பரந்து கிடக்கு. எங்கட ஆழ்கடலுக்கடியில இமயமலைச் சேறு!

கரையில கதை வேற. வாவியைச் சுற்றியுள்ள மணலுக்கும் சேற்றுக்கும் கீழே இருப்பது விஜயன் தொகுதி என்ற பழம்பாறை. வயது ஏறத்தாழ 100 கோடி வருடம். 2016, 2017இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வு நிலையமும் இலங்கை ஆய்வாளர்களும் தீவெங்கும் சுமார் 30 கருவிகளை வைத்துத் தூரத்துப் பூகம்பங்களைக் கேட்டாங்க. வரும் அலை, புவியோட்டின் அடியைக் கடக்கும்போது அதில ஒரு பங்கு மெதுவான அலையாக மாறும். ரெண்டும் வந்துசேரும் இடைவெளி நாலைந்து செக்கன்தான். அதை வைத்தே ஓட்டின் தடிப்பைக் கணக்கிடலாம். 30 முதல் 40 கிலோமீற்றர் என்று வந்தது. மலைநாட்டுக்குக் கீழேதான் கூடத் தடிப்பு.

வண்டல் இருக்கும் இடத்தில எண்ணெய் ஆசையும் இருக்கும். 1974இல் மன்னார்த் தீவில் பேசாலையில் துளைச்சாங்க, கிடைக்கல்ல. 2011இல் மன்னார்க் கடலில் எரிவாயு கண்டாங்க. 2016இல் எங்கட கிழக்குக் கடலின் ஜேஎஸ்-5, ஜேஎஸ்-6 பகுதிகளை ஆராய பிரான்சின் டோட்டல் நிறுவனத்தோட அரசு ஒப்பந்தம் செய்தது. இந்தக் கடலில் வலை போடுகிறவருக்கு அதன் அடி பற்றித் தமிழில் வாசிக்கக் கொடுக்க நான் தேடினேன். கிடைத்ததெல்லாம் ஆங்கிலம். ஆழத்தைக் கேட்கிறது ஒரு இடம், அதன்மேல வாழுறது இன்னொரு இடம்.

இது எண்ணெயோட மட்டும் நிற்கிற விஷயமில்ல. 2004 டிசம்பர் 26, காலை 6:59க்கு சுமாத்திராவில் நிலம் உடைந்தது. அந்த அதிர்வலை நாலு நிமிடத்துக்குள் எங்கட வாவிக்கு அடியால போயிட்டுது. கண்டிக்குப் பக்கத்தில பல்லேகலையில் இருந்த கருவி அதைப் பதிந்துகொண்டது. கடல் கரைக்கு வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.