டீசல் கொட்டிய மண்ணை பாக்டீரியா சுத்தம் செய்யுமா? எப்படி நடக்குது இந்த வேலை?

டேங்கர் லாரி கவிழ்ந்து டீசல் கொட்டினால், மேலே தேங்கியதை அள்ளிவிடலாம். மண்ணுக்குள் இறங்கியதை? அப்படியே விட்டால் நிலத்தடி நீர் வரைக்கும் போகலாம். ஆனால் அந்த டீசலையே சாப்பாடாக எடுத்துக்கொள்ளும் பாக்டீரியாக்கள் மண்ணில் இருக்கு.

எப்படி சாப்பிடுது?

டீசலில் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுகள். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் தங்கள் நொதிகளை வைத்து, ஆக்சிஜன் உதவியோடு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். அதில் கிடைக்கும் சக்தியில் வளர்ந்து பெருகும். முழுசாக உடைந்தால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்தான்.

பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவரணுமா?

பல இடங்களில் தேவையில்லை. எண்ணெயில் கார்பன் ஏராளம். ஆனால் வளரத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. அதனால் உரம் போட்டு, ஈரம் காத்து, மண்ணைக் கிளறி காற்று கொடுத்தால், அங்கேயே இருக்கும் பாக்டீரியா வேகம் எடுக்கும்.

1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி கச்சா எண்ணெய் கொட்டியபோது, கடற்கரையில் உரம் தெளித்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களே எண்ணெயை வேகமாக உடைத்தன.

இருக்கும் பாக்டீரியா போதாத இடங்களில், ஆய்வகத்தில் வளர்த்ததைச் சேர்ப்பார்கள். டெல்லியைச் சேர்ந்த டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்சாப்பர்' அப்படி ஒரு கலவை. சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்க் கழிவுச் சேற்றில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எதை செய்ய முடியாது?

ஈயம், பாதரசம், குரோமியம் எல்லாம் தனிமங்கள். எந்த பாக்டீரியாவாலும் இவற்றை உடைத்து இல்லாமல் ஆக்க முடியாது. வடிவத்தை மட்டும் மாற்றலாம். எண்ணெயிலும் தார் போன்ற கனமான பகுதி உடைவது ரொம்ப மெதுவாகத்தான். ஆழத்தில் காற்று இல்லாத மண்ணிலும் வேலை மந்தமாகும். அதனால், பவுடரைத் தூவினோம், அவ்ளோதான் என்று முடியாது. பெரிய கசிவு என்றால் மாதக்கணக்கில் ஆகும்.

எப்படி தெரிஞ்சுக்கலாம்?

டீசல் வாடை போய்விட்டது என்பதற்காக மண் சுத்தமாகிவிட்டது என்று நம்ப வேண்டாம். லேசான பகுதி காற்றில் ஆவியாகியிருக்கலாம். உங்க பகுதியில் கசிவு நடந்தால் கேட்க வேண்டியவை இரண்டு: சுத்தம் செய்த பிறகு பல ஆழங்களில் மண்ணை எடுத்துப் பரிசோதித்தார்களா? பக்கத்து கிணறு, போர் தண்ணீரைப் பரிசோதித்தார்களா? அந்த முடிவு வரும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதே நல்லது.