ரேமும் ரப்பரும்

மரக்காணம் பக்கமிருந்து வர்ற உப்புக்காத்து, நம்ம கிளியனூர் கம்ப்யூட்டருங்களுக்கு எமன். ரேம் முனையில களிம்பு ஏறினா பீப் பீப்னு கத்தும். கரண்டைப் பிடுங்கிட்டு பென்சில் ரப்பரால தேய்ச்சா எழுந்துடும் :)

அந்தப் பெட்டிகள் வந்தது சென்னை ரிச்சி தெருவிலிருந்து. ரேடியோ பாகங்கள் விற்ற தெரு, பிறகு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் சந்தையானது. எது போனாலும் அதை மட்டும் மாத்தலாம்.

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோட லினக்ஸும் கொடுத்தாங்க. எங்க தெருப் பசங்க அதைத் திறந்துகூடப் பார்க்கல.

2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கும், 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு நின்னது. உடனே 'பழசு, தூக்கிப் போடு'ன்னாங்க. நின்னது மென்பொருளுக்கான ஆதரவு மக்களே, மெஷின் இல்லை! எஸ்எஸ்டி, கூட ஒரு ரேம், லினக்ஸ் போட்டேன். என் பெட்டி இன்னும் ஓடுது.

தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒருதரம் ரப்பரை எடுங்க.